காம்பிழந்த வேல்கள்

கொழும்பின் வடகோடியில் களனி கங்கை கடலோடு கலக்கும் இடம் முகத்துவாரம். ஆற்றின் முகமாகவும் கடலின் வாயிலாகவும் அமைந்த நிலத்துக்கு இட்ட காரணப்பெயர் அது. ஐரோப்பியர் நாவிற் புகுந்த அப்பெயர் சிதைந்து 'மட்வால்' ஆயிற்று. சிதைந்த வடிவமே ஆங்கில வரைபடங்களிலும் அலுவலக ஏடுகளிலும் நிலைபெற்றது. 'மட்வால்' என்று கேட்பவனுக்கு ஆறும் புலப்படுவதில்லை, கடலும் புலப்படுவதில்லை. ஒரு பெயர் சிதையும்போது அப்பெயர் சுட்டிய பொருளின் அறிவும் உடன் சிதைகின்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தலைநகரில் வேறு வேண்டியதில்லை.

இடப்பெயருக்கு நேர்ந்த இக்கதியே இந்நாட்டின் பழம் படைக்கலங்கள் சிலவற்றுக்கும் நேர்ந்துள்ளது. குறிப்பாக, நீண்ட மரக்காம்பின் தலையில் இரும்பு அலகு பொருத்திய வேல், ஈட்டி, சூலம், கைவேல் முதலிய நெடுங்காம்புப் படைக்கலங்களின் நிலை இரங்கத்தக்கது. இப்படைக்கலங்கள் முகத்துவாரத்துக்கு அந்நியமானவை அல்ல. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துக்கேயர் கொழும்புக் கரையை அடைந்தனர். 1587–1588 காலப்பகுதியில் சீதாவாக்கை மன்னன் முதலாம் இராஜசிங்கன் கொழும்புக் கோட்டையை மாதக்கணக்கில் முற்றுகையிட்டான். 1656 மே மாதத்தில் அக்கோட்டை ஒல்லாந்தர் வசமாயிற்று. இப்போர்கள் நிகழ்ந்த காலம் துப்பாக்கியும் நெடுங்காம்புப் படைக்கலமும் ஒருங்கே களத்தில் நின்ற காலமாகும். உள்நாட்டு வேலும் ஐரோப்பிய ஈட்டியும் நேருக்கு நேர் மோதிய நிலம் கொழும்பும் அதன் சுற்றுப்புறமும். ஆயினும், அக்காலத்து வேலொன்றின் நீளம் யாது, நிறை யாது, அதன் காம்பு எம்மரத்தாலானது, அதனை உள்ளூர்க் கொல்லன் எப்பெயரால் வழங்கினான் என்று வினவின், தமிழில் விடை கூறும் நூல் ஒன்றையேனும் காட்டுதல் அரிது.

இவ்வறியாமை தானாக வந்ததன்று. மூவகைத் தவறுகள் இதனை வளர்த்தன. அவற்றுள் முதலாவது, இந்நாட்டுப் படைக்கலத்துக்கு ஐரோப்பியப் பெயரைச் சூட்டி, சூட்டியதோடு ஆராய்ச்சி முடிந்தது என அமைதியடையும் தவறு. படைக்கலச் சேகரிப்புக்கென அட்டவணை வரைபவர் பலர், அகன்ற அலகுடையதெல்லாம் 'பார்ட்டிசான்' என்பர். கோடரி போன்ற பக்க அலகு காணப்படின் 'ஹால்பேர்ட்' என்பர். எஞ்சியவை யாவும் 'பைக்' என்று எழுதிவிடுவர். ஹால்பேர்ட் என்பது கோடரியலகும் குத்துமுனையும் பின்புறக் கொக்கியும் ஒருங்கமைந்த படைக்கலம். 1315இல் மோர்கார்ட்டனிலும் 1386இல் செம்பாக்கிலும் குதிரைவீரரை எதிர்த்து நின்ற சுவிஸ் காலாட்படையோடு அதன் பெயர் பிணைந்துள்ளது. மலைநாட்டுக் காலாள் ஒருவன் கவசமணிந்த குதிரைவீரனைக் கீழே இழுத்து வீழ்த்தவேண்டிய தேவையிலிருந்து எழுந்த வடிவம் அது. அத்தேவை இல்லாத நாட்டில் தோன்றிய படைக்கலத்துக்கு அதே பெயரைச் சூட்டுவது, அப்படைக்கலம் ஏன் அவ்வடிவம் பெற்றது என்னும் வினாவையே எழவிடாது தடுப்பதாகும்.

ஐரோப்பியப் பெயர்களேனும் ஐயத்துக்கு அப்பாற்பட்டவையோ எனின், அதுவும் இல்லை. இடைக்கால ஏடுகளில் வரும் 'கிசார்ம்' என்னும் படைக்கலம் எவ்வடிவத்தது என்பதில் ஐரோப்பிய அறிஞரிடையே இன்றும் கருத்தொற்றுமை இல்லை. ஒரே பெயர் ஒரு நூற்றாண்டில் ஒன்றையும் மறு நூற்றாண்டில் வேறொன்றையும் குறித்தது. அப்பெயர்களைத் திட்டவட்டமான வகைகளாக வரையறுத்ததிற் பெரும்பங்கு, 19ஆம் நூற்றாண்டில் அரும்பொருள் சேகரித்தோரையும் அவர்க்கு அட்டவணை வரைந்தோரையுமே சாரும். தம் வீட்டிலேயே உறுதியாக நில்லாத ஏணியை அயல்வீட்டாரிடம் இரவல் வாங்கி, அதன்மீதேறிக் கூரை வேயப் புகுவார் செயல் இது.

இந்நாட்டில் இதற்கு மாற்றுவழி காட்டப்படாமலும் இல்லை. கொழும்பு தேசிய நூதனசாலையின் பணிப்பாளராக விளங்கிய பி. இ. பி. தெரணியகல 1942இல் அரச ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளைச் சஞ்சிகையில் சிங்களப் படைக்கலங்களும் கவசங்களும் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். படைக்கலங்களை உள்ளூர்ப் பெயர்களோடு ஆராய்ந்த முயற்சி அது. அரச வைபவங்களில் ஏந்தப்பட்ட, அகன்ற அலகும் அடியிற் பக்கக் கிளைகளும் உடைய ஈட்டியைப் 'பட்டிஸ்தானய' என்பது சிங்கள வழக்கு. வடமொழியில் 'பட்டிசம்' என ஒரு படைக்கலம் உண்டு. ஐரோப்பியரிடம் 'பார்ட்டிசான்' உண்டு. மூன்றின் ஒலியும் நெருங்கியிருத்தல் கண்டு, இன்னது இன்னதிலிருந்து வந்தது எனத் துணிந்துரைத்தல் எளிது. ஆனால் ஒலியொப்புமை சான்றாகாது. அலகின் அமைப்பு, அது காம்போடு பொருந்தும் முறை, காலம் என்பன ஒப்பிடப்பட்ட பின்னரே உறவு பற்றிப் பேசல் தகும். தெரணியகல தொடக்கிய வேலைக்கு இணையாகத் தமிழ் வழங்கும் பகுதிகளின் படைக்கலங்களை ஆராய்ந்த கட்டுரை ஒன்று தமிழ்த்துறைகளிலிருந்து எழுந்திருக்கவேண்டும். எண்பது ஆண்டுகளுக்கு மேல் சென்றபின்னும் அக்குறை அவ்வாறே கிடக்கின்றது.

குற்றம் முழுவதையும் ஐரோப்பியர்மீதும் அட்டவணைக்காரர்மீதும் சுமத்திவிட்டுத் தமிழறிஞர் தப்பிக்கொள்ளல் இயலாது. இரண்டாவது தவறு முற்றிலும் தமிழருடையது. வேலைப் போற்றிய அளவுக்கு வேறெந்தப் படைக்கலத்தையும் தமிழர் போற்றியதில்லை. வேல் முருகனின் கைப்படை, வழிபடு பொருள். ஆடி மாதத்தில் கொழும்புச் செட்டியார் தெருவிலிருந்து புறப்படும் வேல் விழாவைக் காணாத கொழும்புத் தமிழர் சிலரே. அவ்வழிபாட்டுக்கு உரிய மதிப்பில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால் வழிபடு வேலையே போர்க்களத்து வேலாகக் கொண்டு, அகன்ற இலைவடிவான அலகைக் கண்டவிடமெல்லாம் 'தமிழர் வேல்' என மகிழ்தல் ஆராய்ச்சி ஆகாது. ஆதிச்சநல்லூரில் 1899 முதல் 1905 வரை அலெக்சாந்தர் றீ அகழ்ந்தெடுத்த இரும்புப் பொருள்களுள் ஈட்டிமுனைகளும் சூலங்களும் உள்ளன. அவை ஒரே வார்ப்பில் எடுத்தவை போன்று இல்லை. நீளத்திலும் அகலத்திலும் அடியமைப்பிலும் வேறுபடுகின்றன. அவ்வேறுபாடே ஆய்வுக்குரிய பொருள். 'வேல்' என்னும் ஒரே சொல்லால் அதனை மூடிவிடுதல், 'பார்ட்டிசான்' என்னும் ஒரே சொல்லால் மூடிவிடுவதினின்று எவ்வகையில் உயர்ந்தது?

நூல்களின் துணையோவெனின், அது பெரிதும் சொல்லளவில் நிற்கின்றது. திவாகரமும் பிங்கலமும் படைக்கலப் பெயர்களைத் தொகுத்துத் தருகின்றன; வடிவத்தைத் தருவதில்லை. 1924இலிருந்து 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிக்கன் தமிழர்தம் பெருஞ்செல்வம். ஆயினும், பல படைக்கலப் பெயர்களுக்கு நேரே அது கூறும் பொருள் 'ஆயுதவகை' என்பதே. அகராதி தொகுத்தோரைக் குறைகூறல் தகாது. பொருளைக் கையிலெடுத்து அளந்து கூறியவர் இல்லாதபோது அகராதிகாரர் வேறென்ன செய்ய இயலும்? சங்கப்பாடல்களில் வேல் எத்தனை இடங்களில் வருகின்றது என்று எண்ணியவர் பலர். ஒரு வேலைத் தராசில் இட்டவர் எத்துணையர்?

இத்தனைக்கும் படைக்கலக் காட்சியை எள்ளிநகைத்த பாடலொன்று சங்கத் தொகையிலேயே உண்டு. அதியமான் நெடுமான் அஞ்சியின் பொருட்டுத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார், தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைக் கண்டு பாடியது புறநானூற்றின் 95ஆம் பாட்டு. அவன் படைக்கலங்கள் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, காம்பு திருத்தப்பெற்று, நெய் பூசப்பெற்று, காவலுடைய மாளிகையில் அழகாக நிற்கின்றன. அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லனின் சிறுகுடிலிற் கிடக்கின்றன. புகழ்வதுபோற் பழித்து, ஒரு போரைத் தடுக்க முயன்ற சொல்வன்மை அது. தமிழ் மாணவர் இப்பாட்டை அணிநயத்துக்காகக் கற்கின்றனர். ஆனால் ஔவையார் இங்கே எதனைக் கண்டார் என்பதும் கருதத்தக்கது: அலகை மட்டுமன்றிக் காம்பையும் கண்டார், நெய்ப்பூச்சைக் கண்டார், செப்பனிடும் உலைக்களத்தைக் கண்டார். சங்க மொழியில் வேற்காம்புக்குக் 'காழ்' என ஒரு தனிச்சொல்லே வழங்கியது. அப்புலவரின் கண் இன்றைய அட்டவணைக்காரருக்கு இருந்திருப்பின் மூன்றாவது தவறு நேர்ந்திராது.

மூன்றாவது தவறாவது, இரும்பை வைத்துக்கொண்டு மரத்தைக் கைவிடுதல். நெடுங்காம்புப் படைக்கலத்தை அப்பெயருக்கு உரியதாக்குவது காம்பே. ஒரே அலகைக் குறுங்காம்பில் பொருத்தின் எறிவதற்குரிய வேல். நெடுங்காம்பில் பொருத்தின் அணிவகுத்து நின்று குத்துவதற்குரிய ஈட்டி. அடியிற் பூண் இருந்ததா என்பதைக் கொண்டு, அது நிலத்தில் ஊன்றப்பட்டதா, நிறை சமனாக்கப்பட்டதா என்பன துணியப்படும். அலகின் அடி குழாயாக அமைந்து காம்பை உள்ளே ஏற்றதா, அன்றி முளையாக நீண்டு காம்பினுள் இறங்கியதா என்பது கொல்லனின் தொழின்மரபைக் காட்டும். காம்பு அகற்றப்பட்ட அலகு இவ்வினாக்களுட் பலவற்றுக்கு விடையளிக்கும் ஆற்றலை இழந்துவிடுகின்றது. இருப்பினும் வணிகன் காம்பைக் களைகின்றான். நீண்ட மரம் பெட்டியில் அடங்காது, இற்றுப்போன மரத்துக்கு விலையும் இல்லை. வாங்குபவனோ அலகின் துருவை அமிலமிட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்குகின்றான். குழாயினுள் ஒட்டிய துரு, மக்கிப்போன மரத்தின் இழையமைப்பைத் தன்னுட் பதித்து வைத்திருத்தல் உண்டு. நுண்ணோக்கியின் கீழ் அதனை ஆராய்ந்து காம்பு எவ்வகை மரம் என அறிதலும் இயலும். தேய்த்து வெளுப்பாக்கியவன் அக்கடைசிச் சாட்சியையும் கொன்றுவிடுகின்றான்.

இழப்பு மரத்தோடு நிற்பதன்று. கண்டி அரசில் ஈட்டிக் காம்புகள் கடைந்து அரக்குவண்ணம் ஏற்றப்பெற்றன. இத்தகைய கைவினைகளையும் கைவினைஞரையும் 1908இல் வெளிவந்த இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலில் பதிவு செய்தவர் கொழும்பிற் பிறந்த தமிழ்மகனான ஆனந்த குமாரசுவாமி. கொல்லன், தச்சன், அரக்கு வேலை செய்பவன் ஆகிய மூவரின் கைகள் சேர்ந்து உருவாக்கிய பொருளில் ஒருவனின் பங்கை மட்டும் கண்ணாடிப் பேழையில் வைத்து, ஏனை இருவரையும் வரலாற்றினின்று நீக்குவதற்குச் 'சேகரிப்பு' என்று பெயர்.

இவ்வலட்சியம் எங்கு கொண்டுசெல்லும் என்பதை அறியத் தஞ்சாவூரை நோக்கலாம். 1855இல் மராத்திய மன்னன் ஆண்வாரிசின்றி இறக்க, தஞ்சை அரசு கம்பெனியார் கைக்குச் சென்றது. அரண்மனைப் படைக்கலச்சாலையிற் குவிந்திருந்த நாயக்கர், மராத்தியர் காலத்துப் படைக்கலங்களுட் சிறந்தவை எனக் கருதப்பட்ட சில சென்னை அரசாங்க அருங்காட்சியகத்துக்குப் போயின. எஞ்சிய பெருந்தொகை 1863இல் திருச்சிராப்பள்ளியில் உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாக விற்கப்பட்டது. தென்னாட்டுப் படைக்கல வரலாற்றின் பெரும்பகுதி தராசுக் கணக்கில் கரைந்த கதை அது. இதற்கு மறுதலையாக ஒஸ்திரியாவின் கிராற்ஸ் நகரை நோக்குக. அங்கு 1640களில் எழுப்பப்பட்ட படைக்கலச்சாலையை 1749இல் பேரரசி மரியா தெரேசா மூடக் கருதியபோது, ஸ்ரைரிய மாநில அவையினர் அதனைத் தம் முன்னோரின் நினைவாக விட்டுவைக்குமாறு வேண்டினர், வேண்டுகோள் ஏற்கப்பட்டது. ஏறத்தாழ 32,000 பொருள்கள் இன்றும் அதே கட்டடத்தில் நிற்கின்றன. அங்கே ஈட்டி காம்போடு நிற்கின்றது. ஆதலால் அங்குள்ள மாணவன் ஈட்டியைப் பற்றிப் பேசும்போது அளவோடு பேசுகின்றான். இங்குள்ளவன் பெருமிதத்தோடு மட்டும் பேசுகின்றான்.

சேகரிப்போர் தரப்பிலும் ஒரு நியாயம் கூறப்படுவதுண்டு. தனியார் வாங்கிக் காத்திராவிடின் பல படைக்கலங்கள் கம்மாலையில் உருகி மண்வெட்டியாகியிருக்கும் என்பர். இது முற்றிலும் பொய்யன்று. ஆனால் எங்கிருந்து வந்தது, எவரிடமிருந்து வந்தது, எந்நிலையில் கிடைத்தது என்னும் குறிப்புகள் அற்ற பொருள் உருகாது இருப்பினும் ஊமையாகிவிடுகின்றது. குறிப்பின் வலிமையை அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்று காட்டிற்று. 1765இல் ஒல்லாந்தப் படை கண்டி அரண்மனையைச் சூறையாடியபோது கவர்ந்து சென்ற லெவ்கே திசாவையின் பீரங்கி, வாள்கள், கத்தி, சுவர்த்துப்பாக்கிகள் ஆகிய ஆறு பொருள்கள் 2023இல் நெதர்லாந்திலிருந்து இலங்கைக்குத் திருப்பியளிக்கப்பட்டன. அவற்றைக் கொணர்ந்தது வெறும் உணர்ச்சி முழக்கமன்று. பொருளின் வழித்தடத்தை ஏடுகளினூடே பின்தொடர்ந்த ஆய்வே அத்தீர்மானத்துக்கு அடித்தளமாயிற்று. வழித்தடம் அழிந்த வேலொன்றை மீளக்கேட்கும் உரிமை எவருக்கும் எஞ்சாது.

சட்டமும் இதனை உணர்ந்தே இயற்றப்பட்டது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2ஆம் நாளுக்கு முற்பட்ட பொருள்களைத் தொல்பொருள்களாகக் கொள்கின்றது. கண்டி உடன்படிக்கை ஒப்பமிடப்பட்ட நாள் அது. அந்நாளுக்கு முற்பட்ட வேலொன்று ஆற்றுமணலிலோ அத்திவாரக் குழியிலோ வெளிப்படின், அதனைத் தூக்கிச்சென்று துடைப்பது வீரமன்று. கிடந்தவாறே விட்டுத் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவிப்பதே கடமை. ஆறு மண்ணைக் கொணரும் இடமும் நகரம் மண்ணைத் தோண்டும் இடமும் ஒன்றாயிருக்கும் முகத்துவாரத்தில் இவ்வறிவு பள்ளிச்சிறுவனுக்கும் வேண்டற்பாலது.

இனி, எல்லாவற்றினும் கனமான மறுப்பு ஒன்று உண்டு. 1983 முதல் 2009 வரை போரால் உருக்குலைந்த தீவில் மீண்டும் படைக்கலத்தைப் பற்றி எழுதவேண்டுமா? ஆயுதம் போதும் போதும் என்று அழுத மண்ணில் ஆயுத ஆராய்ச்சி அறமாகுமா? இவ்வினாவை எழுப்புவோரின் நெஞ்சு புண்பட்ட நெஞ்சு. அவர்க்கு இகழ்ச்சி விடையாகாது. ஆனால் படைக்கலத்தை அறிவது வேறு, படைக்கலத்தைப் பாடுவது வேறு. நிறையறியாது, விலையறியாது, அதன் முனையில் நின்றவனின் நிலையறியாது வேலைப் பாடிய வாய்களே எல்லாச் சமூகங்களிலும் இளைஞரைக் களத்துக்கு அனுப்பியுள்ளன. அளவுகோலுடன் அணுகுபவன் அலகின் நெளிவைக் காண்பான். அந்நெளிவு யாரோ ஒருவனின் எலும்பில் நேர்ந்திருக்கக்கூடும் என்பதையும் காண்பான். ஔவையார் வேலை அறிந்திருந்தார். அறிந்திருந்தமையால் போரைத் தடுக்கும் சொல் அவர் வாயில் பிறந்தது. துதியிலிருந்து ஆயுதத்தை மீட்டு ஆய்வுமேசையில் வைப்பது, போருக்குச் செய்யும் தொண்டன்று. போரின் மயக்கத்தைத் தெளிவிக்கும் தொண்டு.

ஆகவே தமிழ்மாணவர் செய்யவேண்டுவது யாது? விலைகொடுத்து வாங்குதல் அன்று, பதிவு செய்தல். தொடங்குதற்குத் தொலைதூரம் செல்லவேண்டியதில்லை. முகத்துவாரத்துக் காளி கோயில் முதலாகக் கொழும்பின் கோயில்களில் சூலமும் வேலும் நிற்கின்றன. பரிபாலன சபையாரின் அனுமதியோடு, வழிபாட்டுக்கு ஊறின்றி, அவற்றின் நீளமும் அலகின் அகலமும் காம்பின் சுற்றளவும் குறிக்கப்படலாம். செய்த கொல்லன் யார், எவ்வூரான் என்று கேட்கப்படலாம். உயிரோடிருக்கும் கம்மாலைகளில் கொல்லர் வாய்ச்சொற்கள் திரட்டப்படவேண்டும். அலகு, குழாய், பூண், முளை என்பவற்றுக்கு அவர் வழங்கும் சொற்களே நாளைய தமிழ்க் கலைச்சொற்கள். வடபகுதிக் கடற்றொழிலாளர் மீனைக் குத்தும் மண்டாவையும் அதன் காம்பையும் இவ்வாய்விற் சேர்த்தல் வேண்டும். போரில் மறைந்த பொருத்துமுறை தொழிற்கருவியில் வாழ்தல் கூடும். நூதனசாலையிலுள்ளவற்றைச் சிங்களப் பெயரோடும் தமிழ்ப் பெயரோடும் அருகருகே எழுதிக் கற்கவேண்டும். கண்டி அரசவையில் நாயக்க மன்னர் ஆண்ட 1739–1815 காலப்பகுதியின் படைக்கலத்தை ஒரு மொழியை மட்டும் அறிந்தவன் முழுமையாக விளக்கமாட்டான். ஐரோப்பியப் பெயரை இறுதியில், ஒப்புமைக்காக மட்டும் குறித்தல் போதும்.

இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டாம். ஓர் அளவுநாடா, ஒரு தராசு, ஒரு குறிப்பேடு, பொறுமையுடைய நால்வர் என இவை போதும். பல்கலைக்கழகத் தமிழ்ச்சங்கங்கள் ஆண்டுதோறும் நடத்தும் பட்டிமன்றங்களுள் ஒன்றைக் குறைத்துக்கொண்டாலே இதற்கான காலம் கிடைத்துவிடும். வேலின் புகழை மேடையிற் கேட்டுக் கைதட்டிய மாணவன், அடுத்த நாள் முகத்துவாரத்துக்குச் சென்று ஒரு சூலத்தின் காம்பை அளந்து வருவானாயின், 'ஆயுதவகை' என அகராதி நிறுத்திய இடத்துக்கு அப்பால் தமிழாராய்ச்சி ஓரடி எடுத்து வைத்ததாகும். அவ்வோரடியை எடுத்துவைக்காத தலைமுறைக்கு 'மட்வால்' என்ற சிதைவைக் குறித்து வருந்தும் உரிமையும் இல்லை.